பறவை பார்க்க பீரங்கி எதற்கு?

"அண்ணே, பறவை படம் எடுக்கணும், எந்த கேமரா வாங்கலாம்? எத்தனை எம்எம் லென்ஸ் போட்டா சரியா வரும்?"

நவம்பர் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆட்கள். நான் மதுராந்தகம் பக்கத்துக்காரன். வேடந்தாங்கலுக்கு வருகிற பறவை எங்கள் வயல் மேலேதான் பறந்து போகும், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில் இதுதான். கைக்கு அடங்குகிற சின்ன கேமரா வாங்குங்கள். முப்பது மடங்கு ஜூம் போதும். அதை எடுத்துக்கொண்டு முதல் ஒரு வருசம் வீட்டிலிருந்து அஞ்சு கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். வேடந்தாங்கலுக்கும் பழவேற்காட்டுக்கும் ஓடி வராதீர்கள். பெரிய டெலிபோட்டோ லென்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

"விவசாயிக்கு கேமராவைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். விதை வாங்குகிறவன் பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்து வாங்க மாட்டான். மண்ணு என்ன, தண்ணி எவ்வளவு, பட்டம் எது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். அந்த மாதிரி கேமராவையும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம், வாங்க.

கடையில் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த எண். 30 மடங்கு, 65 மடங்கு, 83 மடங்கு, 125 மடங்கு. நிக்கான் கூல்பிக்ஸ் பி900 என்று ஒரு கேமரா 2015இல் வந்தது. 24 முதல் 2000 எம்எம் என்று போட்டிருந்தார்கள். 2018இல் பி1000 வந்து 3000 எம்எம் என்றது. நிலாவின் குழி தெரிகிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. உள்ளே இருக்கும் கணக்கு வேறு. பி900இன் லென்ஸ் உண்மையில் 357 எம்எம்தான். சென்சார் விரல் நகத்தை விடச் சின்னது, சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். அந்தத் துணுக்கில் விழுகிற காட்சி, பழைய பிலிம் அளவுள்ள பெரிய சென்சாரில் 2000 எம்எம் லென்ஸ் போட்டால் விழுகிற காட்சிக்குச் சமம். அதைத்தான் 2000 என்று அச்சடிக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் முழு உண்மையும் இல்லை.

பறவைக்கும் பயிருக்கும் ஒரே தேவைதான், வெளிச்சம். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம்தான் உள்ளே போகும். பி900 முழு ஜூமில் எஃப் 6.5. 357ஐ 6.5ஆல் வகுத்தால் வாய் 55 மில்லிமீட்டர். பத்து லட்சத்துக்கு மேல் விற்கிற 600 எம்எம் எஃப் 4 லென்ஸுக்கு வாய் 150 மில்லிமீட்டர். பரப்பில் ஏழு மடங்கு. சென்சார் கணக்கையும் பாருங்கள். சின்ன கேமராவின் சென்சார் 28 சதுர மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் சென்சார் என்கிறார்களே, அது 116. முழு பிலிம் அளவு 864. அதாவது முப்பது மடங்கு. விடிகாலை ஆறரை மணிக்கு அடையாறு தியாசபிகல் சொசைட்டி மரங்களுக்கு அடியில் சின்ன கேமராவை முழு ஜூமில் நீட்டினால், ஐ.எஸ்.ஓ. எகிறி, இறகெல்லாம் கரைந்துபோய், ஈரச்சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு படம் வரும். இதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

"அப்படீன்னா பெரிய லென்ஸ்தானே சரி?" என்று சிரிக்காதீர்கள். கணக்கு இன்னும் முடியவில்லை.

தூரம் பாதியானால் லென்ஸ் இரண்டு மடங்கு ஆன மாதிரி. முப்பது மீட்டரில் இருக்கிற பறவையை 1400 எம்எம்மில் எடுப்பதும், பதினைந்து மீட்டரில் இருக்கிற அதே பறவையை 700இல் எடுப்பதும் படத்தில் ஒரே அளவு. வெண்தொண்டை மீன்கொத்தி சுமார் 28 சென்டிமீட்டர் நீளம். பதினைந்து மீட்டரில் உட்கார்ந்தால், 720 எம்எம் வரை போகிற பாக்கெட் கேமராவில் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே நிறைத்துவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பதினைந்து மீட்டர் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் விசயம். நீங்கள் அதை நோக்கி நடந்தால் கிடைக்காது, பறந்துவிடும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் அதுவே வரும். எங்கள் கடலைக்கொல்லையில் குறுக்குக் குச்சி கட்டி நட்டு வைப்போம், கரிச்சான் வந்து உட்கார்ந்து பச்சைப்புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கட்டும் என்று. களை எடுக்கிற பெண்களுக்கு நாலு அடி தள்ளி அது உட்கார்ந்திருக்கும். அவர்களைக் கண்டு பயப்படாது. கழுத்தில் கேமராவோடு ஒருத்தர் வரப்பில் குனிந்து குனிந்து வந்தால் உடனே எழுந்து போய்விடும். பதுங்கி வருகிறவன் பூனை என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று, கானல். பள்ளிக்கரணையில் ரேடியல் ரோட்டு ஓரம் நின்றுகொண்டு, காலை பதினோரு மணிக்கு, அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிற பூநாரையை எடுக்கிறீர்கள். நடுவில் காற்று கொதிக்கிறது. 3000 எம்எம் ஆனாலும் சரி, பத்து லட்ச ரூபாய் ஆனாலும் சரி, அந்தக் கொதிக்கிற காற்றைத்தான் பெரிதாக்கிக் காட்டும். பூநாரை கொடித்துணி மாதிரி நெளியும். காலை எட்டு மணிக்குள் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு அலாரம் போதும்.

சரி, எதைத்தான் வாங்குவது? திட்டிக்கொண்டே இருந்தால் ஆகுமா, சொல்கிறேன்.

முதலில் ஒரு பைனாகுலர், 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், வாய் 42 மில்லிமீட்டர். பறவையைக் கண்ணால் பார்க்கத் தெரியாதவன் கேமராவில் தேடினால் வெறும் இலைதான் வரும்.

அடுத்து கேமரா. கட்டாயம் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்க வேண்டும். மெட்ராஸ் வெயிலில் பின்பக்கத் திரையில் உங்கள் மூக்குதான் தெரியும். சோனி ஹெச்எக்ஸ்99 மாதிரி ஒன்று, 24 முதல் 720 எம்எம், சுமார் 240 கிராம், சட்டைப்பையில் போகும், வியூஃபைண்டர் மேலே எழும்பி வரும். கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் பி900, பி950, கேனான் எஸ்எக்ஸ்70 வகை. காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஒரு இஞ்ச் சென்சாரும் 600 எம்எம் வரை எஃப் 4 லென்ஸும் உள்ள சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. லட்சத்தைத் தாண்டும், ஆனால் அதுக்கு மேல் ஒரு லென்ஸும் வாங்க வேண்டியதில்லை. இவற்றில் சிலது புதுசாகக் கிடைக்காது, பழசாகத்தான் தேடணும். பழசு வாங்கினால் ஒரு டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்து வையுங்கள். பறக்கிற பறவைக்கு ஆயிரத்தில் ஒரு நொடி வேண்டும். லென்ஸ் ஆடாமல் பிடித்துக்கொள்கிற வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பறவையின் சிறகை நிறுத்தாது.

இப்போது எதிர்க்கட்சி. பெரிய லென்ஸ்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பனை உழவாரன் சுழன்று பறப்பதையோ, மீன்கொத்தி தண்ணீரில் பாய்வதையோ சின்ன கேமரா எடுக்காது. ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும், பறவை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இருட்டில் திணறும். தொழிலாகச் செய்கிறவர்களுக்கும், பத்து வருசம் பறவை பார்த்துப் பழகினவர்களுக்கும் பெரிய லென்ஸ் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கும் டிராக்டர் வேண்டும். ஆனால் ரெண்டு சென்ட் தோட்டம் போடுகிறவன் டிராக்டர் வாங்கினால் என்ன ஆகும்? வீட்டு வாசலில் நிற்கும், துருப்பிடிக்கும்.

உங்கள் லென்ஸும் அப்படித்தான் நிற்கிறது. 150-600 ஜூம் லென்ஸ் ஒன்று ரெண்டு கிலோவை ஒட்டி இருக்கும். முதல் மாசம் தூக்குவீர்கள். மூணாவது மாசம் தோள் வலிக்கும். அப்புறம் பீரோவுக்குள் போகும். மயிலாப்பூருக்கும் கடலுக்கும் நடக்கிற தூரம். அந்த ஈரக்காற்றில், இருட்டு பீரோவில், பத்து மாசம் கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். உப்புக்காற்று வேறு. சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வைத்துப் பராமரிக்கிறவர்கள் உண்டு. பீரோவிலேயே கிடக்க விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மயிலாப்பூரிலேயே ஒரு மனிதர் இருந்தார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தார், 1996இல் மறைந்தார். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று முன்பு சொன்ன, இப்போதைய ராதாகிருஷ்ணன் சாலையில் வீடு. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கி சாகிற வரை, நாற்பத்தாறு வருசம், இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். அவர் கேமரா கடையில் வாங்கியது இல்லை. இங்கே ஒரு பாகம், அங்கே ஒரு பாகம் என்று சேர்த்து அவரே கட்டியது. அதற்கு சூப்பர் பாண்டெரோசா என்று கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார். கருப்பு வெள்ளைதான் எடுத்தார். யானையைத் தேடிக் காட்டுக்குப் போனவர்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக் காக்கையையும் குயிலையும் ஆந்தையையும் அதே மரியாதையோடு எழுதினார். தமிழில் எழுதியவை "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற தொகுப்பாக வந்திருக்கிறது. லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். அதற்குப் பூஞ்சை பிடித்தாலும் படிக்கலாம்.

இதுவரைக்கும் உங்கள் காசைப் பற்றிப் பேசினேன். உங்கள் காசு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் பெரிய லென்ஸ் வாங்கின கையோடு ஒரு வெறி வருகிறது பாருங்கள், அதை விட முடியாது. இவ்வளவு செலவு பண்ணியாச்சு, காக்காயை எடுத்தால் கேவலம். அரிய பறவை வேண்டும். கூடு வேண்டும். குஞ்சுக்கு இரை ஊட்டுகிற படம் வேண்டும். இங்கேதான் எனக்குச் சண்டை.

ஐப்பசியில் ஆறுமணிக்குருவி சென்னைக்கு வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரி ராத்திரியாகப் பறந்து, தெற்கே போகிற வழியில் இறங்கும். கிண்டியிலும் அடையாறு பக்கத் தோட்டங்களிலும், சில சமயம் களைத்துப்போய் வீட்டு வராந்தாவிலும் கிடக்கும். அதற்கு வேண்டியது ரெண்டு நாள் ஓய்வும், சருகுக்குள் நாலு புழுவும். நமது ஆட்கள் செய்தி கேட்டதும் கூட்டமாகப் போய் நிற்கிறார்கள். போனில் அதன் குரலையே போட்டு இழுக்கிறார்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது கத்திக்கொண்டு ஓடுகிறது. கடன் வாங்கிப் பயணம் போகிறவனை வழியில் நிறுத்தி ஆடச் சொல்கிற மாதிரி.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஆள்காட்டி தரையில்தான் முட்டை இடும், நாலு முட்டை. கோடை உழவு ஓட்டும்போது கண்ணில் பட்டால் சுற்றி ரெண்டு பாகம் விட்டுவிட்டு ஓட்டுவோம். சித்திரை வெயிலில் தாய்ப்பறவை முட்டைக்கு நிழலாக நிற்கும். வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். அப்படி ஒரு கூட்டைச் சுற்றி நாலு பேர், நாலு முக்காலி, ஒரு மணி நேரம். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. "சார், முட்டை வெந்துடும், கிளம்புங்க" என்று சொன்னதற்கு, "நாங்க தொடவே இல்லையே" என்றார்கள். தொட வேண்டியதே இல்லை, சார். வெயில் தொட்டால் போதும். அந்த முட்டை பொரிக்கவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. 1978லிருந்து சென்னையில் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. கூட்டுப் படம் வேண்டாம், குரல் போட்டு இழுக்க வேண்டாம் என்று வருசக்கணக்காகச் சொல்லும் பறவை ஆர்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேருங்கள். பெரிய லென்ஸ்காரர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால் பழகாத கையில் பெரிய லென்ஸ், பழகாத கையில் பூச்சிமருந்து மாதிரி. அளவு தெரியாமல் அடித்துவிடுவார்கள்.

அஞ்சு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கோபுரப் பொந்தில் பச்சைக்கிளி. தி.நகர் பூங்காக்களில் தட்டான் சுத்தியல் மாதிரி டொக் டொக் என்று கூப்பிடுகிற செம்மார்புக் குக்குறுவான். பழைய தூங்குமூஞ்சி மரப் பொந்தில் புள்ளி ஆந்தை. சாந்தோம் கரையில் கரும்பருந்து. அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துப் பக்கம், நெடுங்கால் உள்ளான், சின்னக் கொக்கு, கருப்பு வெள்ளை மீன்கொத்தி. கிண்டியில் 270 ஹெக்டேரில் ஒரு தேசியப் பூங்காவே நகரத்துக்கு நடுவில். ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கிற ஒருவர் தன் மாடியில் அரிசி வைத்ததற்கு ஆயிரக்கணக்கில் கிளி வந்தது, ஊரே போய்ப் பார்த்தது. லென்ஸின் உள்ளும் வெளியும் அறிந்த மனிதர், அரிசியைத்தான் நம்பினார்.

இந்த இடமெல்லாம் கரைந்துகொண்டிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் சதுப்பு. மேலே கட்டடம் வந்தது, சாலை வந்தது, பெருங்குடிக் குப்பை வந்தது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022இல் ராம்சர் இடம் என்று உலகப் பட்டியலில் ஏறியது. அப்படி ஏறியதற்கு, வருசம் தவறாமல் போய் எந்தப் பறவை, எத்தனை, எந்த மாசம் என்று எழுதி வைத்தவர்களின் குறிப்புகளும் ஒரு பலம். அந்தக் குறிப்புக்கு அட்டைப்படம் மாதிரி அழகான போட்டோ வேண்டாம். இன்ன பறவைதான் என்று அடையாளம் தெரிந்தால் போதும். அதற்கு சின்ன கேமரா தாராளம். பொங்கல் சமயத்தில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு உங்கள் தெரு முனையில் ஒரு குளத்தை மூட வந்தால், "இங்கே இத்தனை வருசமாக இந்தப் பறவை வருகிறது, இதோ தேதி, இதோ படம்" என்று எடுத்து வைக்க ஆள் வேண்டும். வேடந்தாங்கலில் எடுத்த ஆயிரம் படம் அந்தக் குளத்துக்கு உதவாது.

வேடந்தாங்கல் எப்படிப் பிழைத்தது தெரியுமா? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் போய்ச் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் இங்கே சுடக்கூடாது என்று கவுல் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தன் ஏரி, தன் பறவை, தன் நெல். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. அந்த ஜனங்கள் கையில் கேமரா இருந்ததே இல்லை. பக்கத்திலேயே இருந்து, தினமும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

உங்கள் ஏரி அடையாறு. உங்கள் தாங்கல் பள்ளிக்கரணை. அதற்கு முறையிட நாங்கள் மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறி வர முடியாது.

ஆகவே தம்பிகளா, தங்கச்சிகளா, சட்டைப்பையில் போகிற ஒரு கேமரா, ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. ஒரு வருசம், ஒரே இடம், வாரத்துக்கு ரெண்டு காலை. அடுத்த கார்த்திகையில் நோட்டைப் புரட்டுங்கள். அறுபது பறவைக்குத் தேதியோடு பெயர் எழுதியிருந்தால், அதற்கப்புறம் 600 எம்எம்மோ 800 எம்எம்மோ என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நானே கூட வந்து கடையில் பேரம் பேசுகிறேன். எங்கள் வயலுக்கும் வரலாம். ஆள்காட்டி கத்தினால் மட்டும் ரெண்டு அடி பின்னால் போய் நில்லுங்கள்.